அம்மா நிரப்பி வைக்கும் குடங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் காபி போடலாம் என்று சமையலறைக்குப் போனால் கால் வைக்க இடமில்லை. இரண்டு பித்தளைக் குடம், மூன்று பிளாஸ்டிக் குடம், ஒரு எவர்சில்வர் அண்டா, நாலு பக்கெட். எல்லாவற்றிலும் விளிம்பு வரை தண்ணீர். எல்லாம் அம்மாவின் வேலை. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு நிரப்பி வைத்திருக்கிறார்.

எனக்குக் கொஞ்சம் எரிச்சல். "ஏம்மா, நம்ம ஃபிளாட்டில இருபத்திநாலு மணி நேரமும் தண்ணி வருது. எதுக்கு இதெல்லாம் தினமும் ரொப்பி வெக்கிற? தடுக்கி விழுந்தா யாரு பாக்கறது?" என்று சத்தம் போட்டேன்.

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே, "வராத அன்னிக்குத் தெரியும்டா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ ஸ்கூலுக்குக் குளிச்சிட்டுப் போனியே, அந்தத் தண்ணி எப்படி மாடிக்கு வந்துச்சுன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியா?" என்றார்.

கேட்டதில்லை. ஊர்ப்பட்ட கல்வெட்டுகளையும் பழைய கட்டடங்களையும் பற்றி எழுதுகிற ஆள் நான். வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரின் கதையை ஒரு நாளும் தேடிப் பார்த்ததில்லை. இந்தப் பதிவு அந்த ஒரு கேள்வியால் வந்தது.

நன்றி என்ற சொல்

முதலில் ஒரு சின்னச் சொல்லாராய்ச்சி. இன்று 'நன்றி' என்றால் 'தேங்க்ஸ்' என்றுதான் புரிந்துகொள்கிறோம். பழைய தமிழில் நன்றி என்றால் நன்மை, ஒருவர் செய்த நல்லது. வள்ளுவர் ஒரு அதிகாரத்துக்குச் 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயர் வைத்தார். செய்த நன்மையை அறிவது என்று பொருள்.

'அறிதல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். மனசு நெகிழ்வதெல்லாம் அப்புறம். முதலில் என்ன நடந்தது, யார் செய்தார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியாத ஒன்றுக்கு நன்றியோடு இருக்க முடியாது. அப்படிப் பார்த்தால் வரலாறு படிப்பதும் ஒருவகையில் நன்றி அறிதல்தான். கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக மழையைப் பற்றிய 'வான்சிறப்பு' இருப்பதும் சும்மா இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

சரி, சென்னைக்கு வருவோம்.

கோட்டைக்குப் போன தண்ணீர்

சென்னையில் பெரிய ஆறு எதுவும் இல்லை. கூவமும் அடையாறும் மழைக்காலத்தில் மட்டும் ஆறுகள். கடற்கரை மணலில் கிணறு தோண்டினால் நல்ல தண்ணீரும் வரும், உப்புத் தண்ணீரும் வரும். அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

முதல் முறையான குடிநீர்த் திட்டம் 1772இல் வந்தது. கேப்டன் பேக்கர் என்பவரின் திட்டம். கோட்டைக்கு வடக்கே பத்துக் கிணறுகள். ஒவ்வொன்றும் 16 அடி விட்டம், 23 முதல் 29 அடி வரை ஆழம். நாளொன்றுக்கு அதிகபட்சம் 1,40,000 கேலன் எடுக்கலாம். அதில் ஏழு கிணறுகளின் பெயர்தான் இன்றைக்கும் 'ஏழு கிணறு' என்று நிற்கிறது. அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஊர்ப்பெயர் என்றே நினைத்திருந்தேன்.

அந்தத் தண்ணீர் போனது செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு. பக்கத்திலேயே குடியிருந்த நம்மாட்களை மனதில் வைத்துப் போட்ட திட்டம் இல்லை அது.

1818இல் பட்டணத்தில் கடுமையான தண்ணீர்ப் பஞ்சம். அப்போது கலெக்டராக இருந்தவர் எல்லீஸ். தமிழ் படித்தவர், திருக்குறளில் ஊறியவர். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று கால்டுவெல்லுக்கு முன்பே எழுதியவர். அவர் பட்டணத்தில் 27 கிணறுகள் வெட்டினார். ராயப்பேட்டை பெரியபாளையத்தம்மன் கோயில் கிணற்றில் இதைச் சொல்லும் கல்வெட்டு இருந்தது. அதில் 'நாடு' அதிகாரத்திலிருந்து ஒரு குறளையும் பொறித்திருந்தார். ஒரு வெள்ளைக்கார கலெக்டர் கிணறு வெட்டிவிட்டுக் குறளைக் கல்லில் எழுதி வைத்தார் என்பதைப் படித்தபோது நிஜமாகவே சிலிர்த்தது. மறு வருடமே, 1819இல், எல்லீஸ் இறந்துபோனார்.

செங்குன்றத்திலிருந்து கீழ்ப்பாக்கம்

அடுத்த பெரிய அடி 1872இல். ஃப்ரேசர் என்ற பொறியாளரின் திட்டம். கொசஸ்தலையாற்றில் தாமரைப்பாக்கத்தில் அணை கட்டி, தண்ணீரைச் சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் திருப்பினார்கள். செங்குன்றத்திலிருந்து திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கம். அங்கிருந்து இரும்புக் குழாய்களில் ஊருக்குள்.

வசதிதான். ஆனால் ஏரித் தண்ணீர் அப்படியே வந்தது, வடிகட்டாமல். திறந்த கால்வாய் என்றால் வழியில் என்னென்ன கலந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் காலரா கொள்ளை கொள்ளையாக ஆட்களைத் தூக்கிக்கொண்டு போன நோய். வாந்திபேதி என்று பாட்டிமார்கள் சொல்வது அதைத்தான். அது தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்று 1854இலேயே லண்டனில் ஜான் ஸ்நோ காட்டிவிட்டார். ஆனாலும் பலர் நம்பவில்லை. 1892இல் ஜெர்மனியில் நடந்த சம்பவம்தான் வாயை அடைத்தது. ஹாம்பர்க், ஆல்டோனா என்று அப்போது ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு ஊர்கள். இரண்டும் குடித்தது ஒரே எல்பே ஆற்றுத் தண்ணீர். ஹாம்பர்க் அப்படியே குடித்தது. ஆல்டோனா மணலில் வடிகட்டிக் குடித்தது. ஹாம்பர்க்கில் எட்டாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். எல்லைத் தெருவின் அந்தப் பக்கம் ஆல்டோனா பெருமளவு தப்பித்துவிட்டது.

அந்த மணல் வடிகட்டிதான் 1914இல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. இதன் வேலை ரொம்ப எளிமை. பெரிய தொட்டியில் மணல் படுகை. தண்ணீர் மெதுவாக, மிக மெதுவாக இறங்கும். சில நாளில் மணலின் மேல்பரப்பில் வழவழவென்று ஒரு மெல்லிய படலம் உருவாகும். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் அதில் குடியிருக்கும். மேலிருந்து வரும் நோய்க்கிருமிகளில் பெரும்பகுதியை அந்தப் படலம் பிடித்துத் தின்றுவிடும். மருந்து கிடையாது, மந்திரம் கிடையாது. பாசி பிடித்த மணல் குழந்தைகளைக் காப்பாற்றியது.

இதைப் படித்த அன்று பாட்டி ஞாபகம் வந்தது. அப்பாவின் அம்மா. தன் பிள்ளைகளை எண்ணும்போது எப்போதும் ஏழு என்பார். எங்களுக்குத் தெரிந்து ஐந்து பேர்தான். மற்ற இருவரும் கிராமத்தில், ஒரே வாரத்தில், வாந்திபேதியில் போனவர்கள். குளத்துத் தண்ணீர் குடித்த ஊர் அது. பாட்டி சென்னைக்கு வந்த பிறகும் கடைசிவரை தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டிக் கொதிக்கவைத்துத்தான் குடித்தார். "கெழவிக்குக் கிறுக்கு" என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். இப்போது சிரிப்பு வரவில்லை.

மேட்லி போட்ட கணக்கு

கீழ்ப்பாக்கம் திட்டத்தை வடிவமைத்தவர் மேட்லி. தி. நகரில் மேட்லி சப்வே என்கிறோமே, அந்த மேட்லிதான். மழை பெய்தால் சப்வேயில் தண்ணீர் நிற்கும்போது மட்டும் அவர் பெயரைச் சொல்கிறோம். வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்ததற்கு யாரும் சொல்வதில்லை.

அவர் தொலைநோக்கோடுதான் யோசித்தார். 1961இல் சென்னையில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 கேலன், அதாவது சுமார் 115 லிட்டர் என்று கணக்குப் போட்டார். 1961 கணக்கெடுப்பில் மாநகரில் இருந்தது 17 லட்சம் பேருக்கு மேல். கணக்கில் இல்லாத பத்து லட்சம் பேர் பிழைப்புத் தேடி வந்துவிட்டார்கள். பிறகு வந்தவர்களில் எங்கள் தாத்தாவும் ஒருவர்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் துரத்தல்தான். ஊர் முன்னால் ஓட, தண்ணீர் பின்னால் ஓடியது. மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் முயற்சியால் பூண்டி நீர்த்தேக்கம் 1940இல் தொடங்கி 1944இல் முடிந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. 1943இலேயே போய்விட்டார். வீராணம் தண்ணீரைக் கொண்டுவர அறுபதுகளின் இறுதியில் ஒரு திட்டம் தொடங்கி, நடுவில் நின்றுபோனது. அதற்காகச் செய்த ராட்சதக் குழாய்கள் பல வருடம் சாலையோரம் கிடந்தன. வீடில்லாதவர்கள் அதற்குள் குடும்பம் நடத்தினார்கள். தண்ணீர் வரவேண்டிய குழாயில் அடுப்பு எரிந்தது.

1983இல் ஆந்திராவோடு கிருஷ்ணா நீர் ஒப்பந்தம். முதல் தண்ணீர் தமிழக எல்லையைத் தொட்டது 1996இல். பதிமூன்று வருடம். நான் முதல் கிளாஸ் சேர்வதற்கு முன்னால் கையெழுத்தான தண்ணீர், காலேஜ் போகும்போதுதான் வந்தது.

பன்னிரண்டு குடம்

அந்தப் பதிமூன்று வருடமும் எங்கள் வீட்டில் என்ன நடந்தது? இதற்கு ஆவணம் எதுவும் கிடையாது. அம்மாதான் ஆவணம். நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து கேட்டேன். "என்னடா, பேட்டி எடுக்கற மாதிரி?" என்று சிரித்தார். பிறகு சொன்னார்.

வண்ணாரப்பேட்டையில் ஒன்பது குடித்தனம் உள்ள வீடு. நாங்கள் இரண்டாவது மாடி. கீழே முற்றத்தில் ஒரு அடிபம்பு. அதில் விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரைதான் தண்ணீர் வரும், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். முதல் நாள் ராத்திரியே குடங்களை வரிசையில் வைத்துவிட வேண்டும். ஒரு குடித்தனத்துக்கு இரண்டு குடம், மறுபடி வரிசை கடைசியில் போய் நிற்கணும். சண்டை வரும், சமாதானம் வரும். யாருக்காவது பிரசவம் என்றால் அந்த வீட்டுக் குடத்தை மற்றவர்களே அடித்து மாடியில் வைத்துவிட்டு வருவார்கள்.

"சராசரியா எத்தனை குடம்மா ஒரு நாளைக்கு?"

"பன்னெண்டு. தண்ணி வர்ற அன்னிக்கு இருவத்திநாலு தூக்குவேன். மறுநாளைக்கும் சேத்து."

கணக்குப் போட்டேன். ஒரு பிளாஸ்டிக் குடம் ஏறக்குறைய 15 லிட்டர். பன்னிரண்டு குடம் 180 லிட்டர். வீட்டில் ஐந்து பேர். ஆளுக்கு 36 லிட்டர். குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க, பாத்திரம் தேய்க்க, எல்லாவற்றுக்கும். மேட்லி 1914இல் நமக்கு ஒதுக்கியது 115.

180 லிட்டர் என்றால் 180 கிலோ. வருடத்துக்கு 65,700 லிட்டர். ஒன்பதாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணி லாரி தெருவில் போகுமே, அதில் ஏழு லாரிக்கு மேல். அந்த வீட்டில் நாங்கள் இருந்தது பதினாலு வருடம். மொத்தம் நூறு லாரித் தண்ணீர். இரண்டு மாடி. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று.

கால்குலேட்டரை அம்மாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் நானே தூக்கலடா. ஒம்பது வயசுலேருந்து தங்கச்சியும் தூக்குனா" என்றார்.

"நான்?"

"நீ படிச்சிட்டிருந்த."

ஆமாம். விடிகாலையில் எழுந்து டியூப்லைட் வெளிச்சத்தில் படித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. படியில் குடம் இடித்துக்கொள்ளும் 'ணங்' சத்தமும் நினைவிருக்கிறது. சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று கதவைச் சாத்தியதும் நினைவிருக்கிறது. என்னை விட இரண்டு வயது சின்னவள் அந்தப் பக்கம் குடத்தோடு ஏறிக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் எப்படியோ நினைவில் தங்கவில்லை.

யார் தண்ணீர்?

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இந்தக் கதை முழுமை ஆகாது. எங்களுக்கு வரிசையில் நிற்கும் உரிமையாவது இருந்தது. இந்த நாட்டில் பலருக்கு அதுவும் இல்லை. ஊர்க்கிணற்றடியில் தள்ளி நின்று, யாராவது மனமிரங்கி ஊற்றினால் ஏந்திக்கொள்ள வேண்டிய நிலையில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் இருந்தன. 1927 மார்ச்சில் மகாத் ஊரில் ஆயிரக்கணக்கானோரோடு போய் அம்பேத்கர் பொதுக்குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தது, அப்போது பெரும் போராட்டம். வீட்டுக்குள் ஒரு குழாய் என்றால், இன்னொருவர் தயவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்றும் அர்த்தம்.

நம் குழாயில் வருவது யாரோ ஒருவருடைய தண்ணீரும்தான். கிருஷ்ணா மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றையும் தாண்டி வருகிறது. மூன்று மாநிலமும் தலைக்கு 5 டிஎம்சி விட்டுத்தர ஒப்புக்கொண்ட தண்ணீர் அது. 2004இல் புதிய வீராணம் திட்டம் நிறைவேறியதே, அந்த ஏரி பத்தாம் நூற்றாண்டில் சோழ இளவரசர் ராஜாதித்தன் காலத்தில் பாசனத்துக்காக வெட்டப்பட்டது. கடலூர்ப் பக்கத்து வயல்களுக்கான ஏரி. அதிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் பயணித்து நம் டம்ளருக்கு வருகிறது.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது, ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு ரயில் வந்தது. அந்த ரயிலை டிவியில் பார்த்தோம். அன்றைக்கு எங்கள் ஃபிளாட்டில் சம்ப் காலி. மூன்று நாள் லாரி வரவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லோரும் கேன் தண்ணீருக்கு அலைந்தபோது, எங்கள் வீட்டில் மட்டும் சோறு வழக்கம்போல் வெந்தது. அம்மாவின் குடங்கள். இதையும் நான் மறந்துதான் அந்த ஞாயிற்றுக்கிழமை சத்தம் போட்டேன்.

கடைசியாக

தங்கைக்கு போன் போட்டேன். அவள் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். நூறு லாரிக் கணக்கைச் சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன், ஏதோ நான் கண்டுபிடித்தது மாதிரி. கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"உனக்கு இப்பத்தான் தெரியுதாண்ணா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பிறகு அவளே பேச்சை மாற்றி, அம்மாவின் மூட்டு வலிக்கு என்ன தைலம் வாங்குகிறேன் என்று கேட்டாள்.

அந்த மூட்டு வலி எங்கிருந்து வந்தது என்பதையும் இத்தனை நாள் நான் யோசித்ததில்லை.

எல்லீஸ், மேட்லி, சத்தியமூர்த்தி பெயர்களைத் தேடிப் பிடித்துவிட்டேன். கால்வாய் வெட்டிய கூலிகள், நள்ளிரவில் வால்வு திறக்கப் போகும் ஊழியர்கள், கீழ்ப்பாக்கத்தில் மணல் மாற்றியவர்கள், இவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. படிக்கட்டில் குடம் தூக்கியவர்களின் பெயரும் அப்படித்தான்.

இப்போதெல்லாம் ராத்திரி குடங்களை நான்தான் நிரப்புகிறேன். அம்மா பக்கத்தில் நின்று மேற்பார்வை. "இன்னும் ஒரு விரக்கடை ரொப்பு. மூடி வெய்யி, பல்லி விழும்." சொன்னபடி செய்கிறேன். என் மகளும் இப்போது கூட வந்து நிற்கிறாள். நேற்று கேட்டாள்: "ஏம்பா, குழாயிலதான் எப்பவும் தண்ணி வருதே?"

சொல்லத் தொடங்கியிருக்கிறேன். ஏழு கிணறிலிருந்து ஆரம்பித்து வண்ணாரப்பேட்டைப் படிக்கட்டுக்கு வர இன்னும் சில நாளாகும். அத்தைக்கு அப்போது ஒன்பது வயது என்ற இடத்தில் என்ன கேட்பாள் என்று தெரியவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு அம்மாவோ அக்காவோ பாட்டியோ தண்ணீர் சுமந்திருப்பார்கள். எங்கிருந்து, எத்தனை குடம், எந்த நேரத்தில் என்று கேட்டுப் பாருங்கள். கூடவே, அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றும் கேளுங்கள்.